தலையை அளந்து இனம் சொல்ல முடியுமா?

மண்டை ஓட்டைப் பார்த்தே ஒருவர் என்ன இனம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நூறாண்டுக்கு முன் பெரிய பேராசிரியர்களே அப்படித்தான் நம்பினார்கள். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது தலைச்சுட்டெண். 75-க்குக் கீழே நீள்தலை, 80-ஐத் தாண்டினால் அகலத்தலை. தலைமுறை தாண்டியும் அது மாறாதாம். நம் பக்கமும் இந்தக் கூத்து நடந்தது: ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி மூக்கை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தினார், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் அளவுகருவியோடு அலைந்தார்.

அந்த நம்பிக்கையை ஆட்டம் காணவைத்தவர் ஃபிரான்ஸ் போவாஸ். 1858-இல் ஜெர்மனியில் பிறந்த யூதர், இயற்பியலில் முனைவர், பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் பேராசிரியர். குடியேறிகள் மீது அமெரிக்காவில் வெறுப்பு ஏறிக்கொண்டிருந்த நேரம். அரசுக் குழு ஒன்றுக்காக, 1908 முதல் நியூயார்க்கில் ஏறக்குறைய 18,000 பேரை அவருடைய ஆட்கள் அளந்தார்கள்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அகலத்தலை, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளிடம் சற்று நீண்டிருந்தது. இத்தாலியின் சிசிலித் தீவுக்காரர்களின் நீள்தலையோ சற்று அகன்றிருந்தது. சரி, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வகை ஆட்கள் கப்பலேறியிருக்கலாம் அல்லவா? போவாஸ் அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரே தாய் தகப்பனுக்கு ஐரோப்பாவில் பிறந்த பிள்ளையையும் அமெரிக்காவில் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டார். பரம்பரை ஒன்று, பிறந்த ஊர்தான் வேறு. வளர வளரத் தலை மாறும் என்பதால் வயதையும் கணக்கில் எடுத்தார். அப்படியும் வித்தியாசம் நின்றது. அப்புறம் இன்னொரு சோதனை: தாய் கரையிறங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. ஆட்சேபங்களை எதிராளி எழுப்புமுன் தானே எழுப்பி, ஒவ்வொன்றாக அடைக்கிற இந்த நேர்த்திக்காகவே எனக்கு போவாஸைப் பிடிக்கும்.

மாற்றம் என்னவோ சிறியதுதான். காரணத்தையும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை. 2002-இல் தரவை மறுபடி அலசிய ஒரு குழு அது அற்பம் என்றது. 2003-இல் இன்னொரு குழு, போவாஸ் சொன்னது பெரும்பாலும் சரிதான் என்றது. இவர்கள் இப்படி மல்லுக்கட்ட முடிந்ததே, மூல அளவுகளை அவர் 1928-இல் அச்சிட்டு வைத்ததால்தான். பொதுப்பணத்தில் ஆய்வு செய்பவர்கள் அனைவரையும் இதற்குக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பேன்.

தலைவடிவம் இனத்தின் மாறாத அடையாளம் அல்ல என்ற அவர் முடிவை அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1924-இல் குடியேறிகளின் எண்ணிக்கைக்கு நாடுவாரியாக வரம்பு வைத்து இறுக்கும் சட்டம் வந்தது. போவாஸும் வாயை மூடவில்லை. ஏற்கெனவே 1906-இலேயே கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அழைத்து அட்லாண்டா சென்று, கறுப்பின மாணவர்களிடம் ஆப்பிரிக்காவின் சாதனைகளைப் பேசியவர் அவர். 1919-இல், மானுடவியலாளர்கள் சிலர் ஆய்வு என்ற போர்வையில் உளவு பார்த்ததைப் பத்திரிகையில் எழுதினார். அவர் முன்பு தலைவராக இருந்த அமெரிக்க மானுடவியல் சங்கமே அவரைக் கண்டித்தது. அந்தக் கண்டனத்தை 2005-இல்தான் திரும்பப் பெற்றார்கள்.