ஃபில்லர் ஊசி: அந்த ஸ்டிக்கரை வாங்காமல் எழுந்து வராதீர்கள்

உதட்டில் ஃபில்லர், அதாவது பருமனாகக் காட்ட ஊசியால் தோலுக்கடியில் ஏற்றும் ஜெல், போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்காகப் புகார் எழுத அலைந்திருக்கிறேன். மூன்று மாதமாகியும் மேலுதட்டில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினால் "பேட்ச் எண் என்ன?" என்றார்கள், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண். மருத்துவச் சாதனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பின் புகார்ப் படிவத்திலும் அதே கட்டம். கிளினிக்கில் கேட்டால் கோப்பில் இல்லை, டாக்டர் விடுப்பு, அடுத்த வாரம் வாருங்கள். அடுத்த வாரம் போனோம். பெட்டியை அன்றே குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். அந்த எண் அச்சிட்ட, அவருக்குரிய ஸ்டிக்கரும் அந்தப் பெட்டியோடு போய்விட்டது.

இங்கே சொல்வது ஹயலூரோனிக் அமிலம் என்ற பொருளாலான ஜெல்லைப் பற்றி. இந்த ஃபில்லரை அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் மருத்துவச் சாதனமாகவே நடத்துகின்றன. பின்னணி இவ்வளவு போதும். பெயர் பெற்ற தயாரிப்புகளின் பெட்டிக்குள் பேட்ச் எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றைக் கோப்பில் ஒட்டுவார்கள். இன்னொன்றைக் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே ஊசிக்குழலில் ஏற்றித் தட்டில் வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்டியை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். காலாவதித் தேதியை நீங்களே படியுங்கள்.

"அனுமதி பெற்ற ஜெல்தான்" என்ற பதிலோடு பலர் அடங்கிவிடுகிறார்கள். எந்த இடத்துக்கு அனுமதி? கன்னத்துக்கு அனுமதி பெற்றதை மூக்கில் போடுவது மருத்துவரின் சொந்த முடிவு. அந்த முடிவுக்கு நீங்கள் சம்மதித்ததாக ஒரு வரி, ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம். நாற்காலியில் சாய்ந்தபடி கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை முந்தின நாளே வாங்கிப் படியுங்கள். வயதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் இந்த ஃபில்லர்களுக்கான அனுமதி 22 வயது முதல்தான். இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல், அழகுக்காக 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் போடுவதே குற்றம். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

ஜெல்லைத் தேர்ந்தெடுக்க விளம்பரத் தாளை நம்பவேண்டியதில்லை. தாடைக்கும் கன்ன எலும்புக்கும் அமுங்காத கெட்டி ஜெல். அசைந்துகொண்டே இருக்கும் உதட்டுக்கு மென்மையானது. கண்ணுக்குக் கீழே தண்ணீரை அதிகம் இழுக்காத ஜெல்லாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் பை தொங்கும். அங்கே தோலுக்கு மிக அருகில் போட்டால் நீலம் பாரித்துத் தெரியும். "அதிக நாள் நிற்கும்" என்பதற்காக முதல் தடவையே மயங்காதீர்கள். பிடிக்காத உதடும் அத்தனை நாள் நிற்கும். தேனீ, குளவி கொட்டி ஒவ்வாமை வந்ததுண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருமா என்று யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இந்த வகை ஜெல்லின் பெரிய அனுகூலம், ஹயலூரோனிடேஸ் என்ற மருந்தால் இதைக் கரைக்க முடியும் என்பது. அந்த மருந்து அதே அறையில் இருக்க வேண்டும். "தேவைப்பட்டால் வரவழைப்போம்" என்று சொல்லும் இடத்தில் உட்காராதீர்கள். ஜெல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் தோல் வெளுக்கும், அல்லது வலை பின்னினாற்போல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். பல ஜெல்களில் மரப்பு மருந்து கலந்திருப்பதால் வலிக்கவில்லை என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. "வீக்கம்தான், இரண்டு நாள் பாருங்கள்" என்று வரவேற்பு மேசையில் சொன்னால் ஏற்காதீர்கள், ஊசி போட்டவரே பார்க்க வேண்டும். பார்வை மங்கினால் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, நேரே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

புகார் எழுத கிளினிக்கின் அனுமதி தேவையில்லை. அமெரிக்காவில் மெட்வாட்ச், பிரிட்டனில் யெல்லோ கார்டு என்ற அரசின் புகார்த் திட்டங்கள் இரண்டிலும் பாதிக்கப்பட்டவரே நேரடியாக எழுதலாம். பேட்ச் எண்ணை ஸ்டிக்கரைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதுங்கள். பூஜ்யமா, ஆங்கில ஓவா என்ற குழப்பத்திலேயே ஒரு மாதம் போய்விடும். சந்தேகமிருந்தால் ஸ்டிக்கரையே படமெடுத்து இணைத்துவிடுங்கள்.