வயலின் வில்லு கம்பியை எப்படிப் பாட வைக்குது?

ரொம்ப நேரம் வாசிச்சு வச்ச வயலினை கிட்டப் போய் பாருங்க, கம்பிக்குக் கீழே மரத்துல மாவு தூவின மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கும். அது ரோசின், பைன் மரத்துப் பிசின்ல இருந்து எடுக்கிறது. இதைத் தேய்க்காம புது வில்லை இழுத்தா சத்தமே வராது, குதிரைமுடி சும்மா வழுக்கிட்டுப் போயிடும்.

ரோசின் தடவின முடி கம்பியைப் பிடிச்சு பக்கவாட்டுல கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போகும், ஒரு கட்டத்துல கம்பி, கையை உதறிட்டு ஓடுற பிள்ளை மாதிரி சடக்குனு விடுபட்டுத் திரும்பும், உடனே முடி மறுபடி பிடிச்சுக்கும். வயலினோட நாலு கம்பில ‘ஏ’ங்கிற கம்பில இது செகண்டுக்கு 440 தடவை நடக்குது! கண்ணுக்கு கம்பி முழுசும் மங்கலா அதிர்ற மாதிரிதான் தெரியும், ஆனா உள்ளபடி ஒரே ஒரு கூர்மையான மடிப்பு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிட்டே இருக்கு, அது வில்லைத் தாண்டும்போதுதான் அந்தப் பிடியும் விடுபடலும். ஜெர்மனில ஹெல்ம்ஹோல்ட்ஸ்ங்கிற விஞ்ஞானி 1860கள்லயே இதைக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டார்.

நம்ம திருச்சில பிறந்த சர் சி.வி.ராமன், ஒளி ஆராய்ச்சிக்காக நோபல் வாங்குறதுக்கு ரொம்ப முன்னாடியே, கல்கத்தால இருந்து 1918ல இதைப் பத்தி பெரிய ஆய்வு எழுதினார். மனுஷக் கை ஒரே சீரா வாசிக்காதுன்னு ஒரு மெஷினும் செஞ்சார், அதுல வில்லு அப்படியே நிக்கும், வயலின்தான் முன்னும் பின்னும் போகும். வில்லு பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கி நிக்குற சின்ன மரத்துண்டு) பக்கம் போகப் போக அழுத்தம் கூட வேணும்னு அதை வச்சு அளந்து காட்டினார். எனக்கு ராமன் விளைவை விட இந்த வேலை மேல பிரியம் அதிகம்.

வேகம், அழுத்தம், கம்பில எந்த இடம், வாசிக்கிறவர் வலது கைல இருக்கிறது இந்த மூணுதான். பிரிட்ஜை ஒட்டி இழுத்தா மேல்சுரங்கள், அதாவது அடிப்படை சுரத்தோட சேர்ந்தே ஒலிக்கிற உச்ச சுரங்கள், தூக்கலா வந்து கண்ணாடியைக் கீறின மாதிரி கேக்கும், விரல் பலகை மேல இழுத்தா புல்லாங்குழல் மாதிரி மெத்துனு வரும். பிரிட்ஜ் மேல மியூட்டுங்கிற ஒரு சின்ன அடக்கியைச் சொருகுங்க, அந்த எடையே மேல்சுரங்களை அடக்கிடும், பக்கத்து ரூம்ல இருந்து வாசிக்கிற மாதிரி ஆயிடும். வில்லே வேணாம்னு விரலால சுண்டலாம், ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியோட நாலாவது சிம்பொனில மூணாவது பகுதி முழுக்க ஸ்ட்ரிங்ஸ் (வயலின் குடும்பத்துக் கருவி வாசிக்கிறவங்க) எல்லாரும் சுண்டுறதுதான். இடது கைக்கோ கிடார் மாதிரி ஃப்ரெட் தடுப்பு கிடையாது, அதனாலதான் கமகம் வேணும்னு கேட்ட கர்நாடக சங்கீதத்துக்குள்ள இந்தக் கருவி அவ்வளவு சுலபமா நுழைஞ்சிடுச்சு.

சரி, ஒரு வயலினுக்குப் பதிலா பத்து வயலின் வாசிச்சா பத்து மடங்கு சத்தமா? இல்லை, காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்குதான். மாறுறது வேற. ஒருத்தர் 440ல வாசிக்க பக்கத்துல இருக்கிறவர் 441ல வாசிச்சா, செகண்டுக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கும், ரெண்டே பேர்னா அது பிசிறாக் கேக்கும். பத்து பதினஞ்சு பேர், கம்பியை அழுத்துற இடது கை விரல் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வேகத்துல ஆடுதுன்னு வைங்க, அந்த ஏற்ற இறக்கமெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து, எதையும் தனியா பிடிக்க முடியாம ஒரு பளபளப்பு வருது பாருங்க, அதுதான் ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவோட குரல். கீபோர்டுல ஒரே வயலின் சத்தத்தைப் பத்து தடவை காப்பி பண்ணி அடுக்கினா சத்தம்தான் கூடும், இது வரவே வராது.

சைகோவ்ஸ்கி 1880ல எழுதின ஸ்ட்ரிங்ஸ் செரனேடுங்கிற இசையோட ஸ்கோர்லயே (சுரங்களை எழுதின தாள்), வாசிக்கிறவங்க எத்தனைக்கெத்தனை அதிகமோ அத்தனைக்கத்தனை தன் விருப்பத்துக்கு ஏத்ததுன்னு குறிச்சு வச்சிருக்கார். அதோட ஆரம்பத்தை நல்ல ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஒரே ஒரு வயலினை மட்டும் காதால பிரிச்சு எடுக்க முடியுதான்னு பாருங்க.