ஸ்டாண்டிங் ஆர்டர்: டாக்டர் இல்லாத நேரத்தில் செவிலியர் எதுவரை போகலாம்?

டாக்டர் வரும்வரை காத்திருக்க முடியாத நிலைமைகளுக்கு முன்கூட்டியே எழுதிவைக்கும் உத்தரவுதான் ஸ்டாண்டிங் ஆர்டர். இன்ன நிலைமை வந்தால் இன்ன மருந்து, இன்ன அளவு, அப்புறம் இன்னாருக்குத் தகவல் என்று அதில் இருக்கும். டாக்டரின் கையெழுத்தும் தேதியும் கட்டாயம் பாருங்கள். "இந்த வார்டில் எப்பவும் இதைத்தான் போடுவோம்" என்று சீனியர் சிஸ்டர் சொல்வது வெறும் வழக்கம். விசாரணை என்று வந்தால் கைகொடுக்காது.

நல்ல மாதிரி வேண்டுமானால், பிரசவ கவனிப்புக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பாருங்கள். ஏ.என்.எம். (துணைச் செவிலியர்-மருத்துவச்சி), ஸ்டாஃப் நர்ஸ் ஆகியோர் சில மருந்துகளைத் தாங்களே கொடுக்க அது அனுமதிக்கிறது. குழந்தை பிறந்ததும், ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடலாம். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்த பிறகே. கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வலிப்பு வந்தவருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்தும் மக்னீசியம் சல்பேட் (50 சதவீதக் கரைசல்), இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாகத் தசையில். இது முதல் டோஸ் மட்டும். உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிட வேண்டும். வலிப்பு நின்றதும் "இங்கேயே பாருங்க சிஸ்டர்" என்று வீட்டார் கெஞ்சலாம். இணங்கிவிட்டால் அந்த உத்தரவு உங்களுக்குத் துணை நிற்காது.

கேஸ் ஷீட்டில் "ஸ்டாண்டிங் ஆர்டர்படி" என்று மட்டும் எழுதுவது பாதி வேலை. கொடுக்கும் முன் இருந்த ரத்த அழுத்தம், எந்த உத்தரவு, அளவு, நேரம், கொடுத்த பின் நிலைமை, எந்த டாக்டருக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பது வரை எழுதுங்கள். போனில் வரும் உத்தரவு வேறு ரகம். எழுதி, அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும்.

சட்டம் செவிலியரிடம் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில், கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 5 ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற டாக்டருக்கு 2 ஆண்டு வரைதான். அந்தச் சலுகையின் விளக்கத்தில் செவிலியர் வரவில்லை. இது நியாயமாகப் படவில்லை, ஆனால் இன்றைய நிலை இதுதான். இது போக, தவறு நிரூபணமானால் நர்சிங் கவுன்சில் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் முடியும்.

வேலையில் சேர்ந்ததுமே கையெழுத்திட்ட உத்தரவுக் கோப்பைக் கேட்டுப் படியுங்கள். கோப்பே இல்லை என்றாலோ, நோயாளிக்கு அந்த மருந்து ஒவ்வாமை என்றாலோ, டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட நேரத்தையும் குறித்துவையுங்கள்.