ஈர சென்சார் ஈரத்தை மட்டும் காட்டாது

போன வாரமும் அதே புகார். "மதியம் ஆனா சுவர் காஞ்சுடுதுன்னு காட்டுது, ராத்திரி ஈரமாயிடுதுங்குது. சென்சார் கெட்டுப்போச்சு சார்." போய்ப் பார்த்தேன். சென்சாராக வைத்திருந்த பிளாஸ்டிக் ஒளியிழையை, அதாவது ஒளியைக் கடத்தும் மெல்லிய இழையை, விறைப்பாக இழுத்து, இரண்டு முனையையும் எபாக்சியால் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் வெப்பநிலையை அளக்க எதுவுமே இல்லை. சென்சார் கெடவில்லை, பார்த்ததைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

ஈரப்பத சென்சார் என்று பெயர் வைத்ததால் அது ஈரத்தை மட்டும் காட்டும் என்று எப்படித்தான் நம்புகிறார்களோ! இழைக்குள் நுண்ணிய வரிகளாகப் பதித்திருக்கும் கிரேட்டிங் திருப்பி அனுப்புவது ஒளியின் ஒரே ஒரு அலைநீளம். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த இழை நீரை உறிஞ்சி உப்பினால் அந்த அலைநீளம் கூடும். இழுத்தாலும் கூடும். சூடேறினால் பெரும்பாலும் குறையும். கண்ணாடி இழையிலோ கூடும். மூன்றும் வந்து விழுவது அதே எண்ணில்தான். வெயில் சுவரில் பட்டதும் எண் இறங்கியது. அதைத்தான் "காய்ந்துவிட்டது" என்று படித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒப்பு ஈரப்பதமே, அதாவது அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே, வெப்பத்தோடு மாறும். மூடிய பெட்டிக்குள் 25 டிகிரியில் 60 சதவீதமாக இருக்கும் காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஒரு துளி நீராவிகூட வெளியே போகாது, ஆனாலும் ஏறக்குறைய 35 சதவீதம்தான் இருக்கும். அதனால் வெப்பநிலை தெரியாத ஈரப்பதக் கணக்கை நான் வாங்கிப் பார்ப்பதே இல்லை.

தயவுசெய்து பக்கத்திலேயே இன்னொரு கிரேட்டிங் வையுங்கள். கண்ணாடி இழையாக இருக்கலாம். நீரை ஏறக்குறைய உறிஞ்சாத டோபாஸ், ஜியோனெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வகை இழையாகவும் இருக்கலாம். அதையும் இழுவிசை படாமல் வையுங்கள். அது தரும் வெப்பநிலையை வைத்து அக்ரிலிக்கின் எண்ணைத் திருத்துங்கள். அக்ரிலிக் இழையை ஒரு முனையில் மட்டும் பிடித்து, துளையிட்ட குழாய்க்குள் தளர்வாக விடுங்கள். இறுக்கி ஒட்டினால் உப்பி நீள இடமிருக்காது, ஈரத்துக்கான உணர்திறனும் குறைந்துவிடும். தளர்வாக வைத்து அளவுதிருத்தம் செய்து, அதாவது எந்த எண்ணுக்கு எத்தனை சதவீத ஈரம் என்று அட்டவணை போட்டுவிட்டு, அப்புறம் இறுக்கி ஒட்டினால் அந்த அட்டவணை குப்பைக்குத்தான்.

அளவுதிருத்தத்துக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. மூடிய டப்பாவில் சமையல் உப்பின் தெவிட்டிய கரைசல், அதாவது உப்பு இனிக் கரையாமல் மிஞ்சும் கரைசல், போதும். 25 டிகிரியில் உள்ளே 75 சதவீதம் நிற்கும். மெக்னீசியம் குளோரைடு என்றால் 33. ஆனால் ஐந்து நிமிடத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். 125 மைக்ரான் இழைக்குள் நீர் ஊறிச் சமநிலைக்கு வரப் பல பத்து நிமிடங்கள் ஆகும். எண் நகராமல் நிற்கும்வரை காத்திருங்கள். அப்புறம் காயவிட்டு, பழைய எண்ணுக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பாவிட்டால் இழையைச் சூட்டில் பதப்படுத்தாமலே பொருத்தியிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். கழற்றி, பதப்படுத்தி, முதலிலிருந்து தொடங்குங்கள்.