சிவப்பு மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள்

"கண் சிவந்திருந்தது, துளிமருந்து விட்டேன், சிவப்புப் போனதும் நிறுத்திவிட்டேன்." கொழும்பில் கண் மருத்துவராகப் பணியாற்றும் நான் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். அண்மையில் வெள்ளவத்தையிலிருந்து வந்த இளைஞரும் இதையே சொன்னார். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டுப் பார்த்தபோது, கதிராளி (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) பின்னாலுள்ள வில்லையோடு ஆங்காங்கே ஒட்டியிருந்ததால், வட்டமாக விரியவேண்டிய கண்மணி கோணல்மாணலாக நின்றது.

அவருக்கு வந்த, யுவியைட்டிஸ் எனப்படும் கண்ணின் உள்ளழற்சி, ஊரில் பரவும் சாதாரண கண்ணோய் அன்று; அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. சிவப்பும் வலியும் சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால் உள்ளே மிதக்கும் அழற்சி அணுக்களை கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் மட்டுமே காணமுடியும். அவை அடங்க வாரக்கணக்காகும். மருந்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்வது அதனால்தான். கண்ணின் பின்பகுதியில் அழற்சி இருந்தால் பெரும்பாலும் சிவப்பே தோன்றாது. மூட்டழற்சியுள்ள சிறுவர்கள் சிலரின் கண்கள் வெண்மையாகவே இருக்க, உள்ளே பார்வை அழிந்துகொண்டிருக்கும். "பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையே" என்று கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள், தயவுசெய்து.

இந்நோயில் பார்வையைப் பறிப்பவற்றுள் முதன்மையானது, விழித்திரையின் நடுப்பகுதியான மக்குலாவில் நீர் கோத்து வீங்குவதாகும். அதற்கு வலியே இல்லை. கண்புரையும், கண்ணழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமாவும் அடுத்து வருவன. இவை நோயினாலும் வரும், அழற்சியைத் தணிக்க விடும் ஸ்டீரொயிட் மருந்தினாலும் வரும். ஆகவே பழைய மருந்துத் துண்டைக் காட்டிப் பார்மசியில் ஸ்டீரொயிட் துளிமருந்து வாங்கி மாதக்கணக்கில் விடுவது, நிறுத்துவதைப் போலவே ஆபத்தானது. உயர்ந்த கண்ணழுத்தம் நரம்பைச் சிதைத்துப் பறித்த பார்வை மீளாது.

பிரெட்னிசொலோன் அசிற்றேற்று என்ற ஸ்டீரொயிட் துளிமருந்து போத்தலின் அடியில் வெள்ளைப் படிவாகத் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் கண்ணில் விழுவது பெரும்பாலும் நீர்தான். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். புகைபிடித்தலை நிறுத்துங்கள், அது அழற்சியையும் மக்குலா வீக்கத்தையும் மோசமாக்கும். காசநோய், பாலியல் நோயான சிபிலிஸ் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை எழுதிக்கொடுக்கும்போது சிலர் மனம் புண்படுகிறார்கள். காரணம் தொற்றாக இருந்தால் சிகிச்சையே மாறிவிடும் என்பதாலேயே கேட்கிறோம். காலையில் முதுகு இறுகி வலிக்கிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முள்ளந்தண்டு வாதத்துக்கும் இந்நோய்க்கும் நெருங்கிய தொடர்புண்டு.

வெளிச்சத்தில் கண் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றைக்கே வாருங்கள். வரும்போது, இதுவரை கண்ணில் விட்டுவந்த மருந்துகள் அனைத்தையும் போத்தலோடு கொண்டுவாருங்கள்.