ஐம்பது வரை சொல்லும் பிள்ளைக்கு நாலு தேசிக்காய் எடுக்கத் தெரியாதது ஏன்?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நான் எப்போது போனாலும், அவளுடைய மகன் வாசலிலேயே நின்று ஒன்றிலிருந்து ஐம்பது வரை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டுவான். நான்கு வயது முடிவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் வெயிலில் வந்தவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைக்க வேண்டியிருந்தது. "ராசா, நாலு தேசிக்காய் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"இது எத்தினை?"

ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு."

"அப்ப எத்தினை இருக்கு?"

என் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பவும் "ஒண்டு, ரெண்டு" என்று முதலிலிருந்து தொடங்கினான்.

தங்கைக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் இதில் வாட ஒன்றும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் தங்கிப் போகிற ஒரு தரிப்பிடம் இது. இரண்டரை வயதிலிருந்து நான்கு வயது வரை பிள்ளைகள் இந்த வழியில்தான் நடக்கிறார்கள் என்று கேரன் வின் என்ற உளவியலாளர் 1990 இல் காட்டினார். முதலில் 'ஒன்று' மட்டும் விளங்கும். ஒன்று கேட்டால் ஒன்று தருவார்கள், இரண்டு கேட்டால் அள்ளித் தருவார்கள். சில மாதம் போக 'இரண்டு' விளங்கும், அப்புறம் 'மூன்று'. அதற்குப் பிறகு ஒரு நாள் மொத்தமாகத் திறந்துகொள்ளும்: எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் முழுத் தொகை என்று பிடிபடும். அது பிடிபடாத பிள்ளைக்கு 'ஏழு' என்பது ஏழாவதாகத் தொட்ட அந்த ஒரு தேசிக்காயின் பெயர் மாதிரி. ஐம்பது வரையான வரிசை அவனுக்குத் தேவாரம் போல ஒரு பாட்டு. வரிகள் மாறாமல் வரும், பொருள் இன்னும் வந்து சேரவில்லை.

அந்தப் பொருளை வீட்டில் சேர்த்துவிடலாம். தொகையை முதலில் சொல்லி, உடனேயே எண்ணிக் காட்டி, மறுபடி தொகையைச் சொல்லுங்கள்: "நாலு தேசிக்காய். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. நாலு தேசிக்காய்." தொகையையும் எண்ணுவதையும் இப்படி ஒட்டி ஒட்டிக் கேட்ட பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் கூடியதை கெல்லி மிக்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 2012 இல் கண்டார்கள். எண்ணுவதை மட்டும் கேட்டதோ தொகையை மட்டும் கேட்டதோ அந்த அளவுக்கு உதவவில்லை. சிறிய தொகையிலிருந்து தொடங்குவதற்கும் காரணம் இருக்கிறது. மூன்று பொருள் வரைக்கும் நம் கண் எண்ணாமலே தொகையைப் பிடித்துவிடும். கண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்த தொகையோடு சொல்லை முடிச்சுப் போடுவது சுலபம்.

எங்கள் அம்மம்மாமார் முற்றத்தில் இருந்து கொக்கான் வெட்டிய விளையாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுவதற்குள் தரையில் கிடக்கிற நாலையும் முதலில் ஒவ்வொன்றாக, அடுத்த முறை இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் ஒரே அள்ளில் எடுக்க வேண்டும். நாலு என்பது இரண்டும் இரண்டும், மூன்றும் ஒன்றும் என்று கையே படித்துக்கொள்கிறது. பின்னால் தரம் ஒன்றில் எட்டோடு ஐந்தைக் கூட்டும்போது, ஐந்திலிருந்து இரண்டை உடைத்து எட்டைப் பத்தாக்குகிற வித்தைக்கு அத்திவாரம் இதுதான். கொக்கான் வழக்கொழிந்து போவது எனக்கு மெய்யாகவே கவலை.

பாம்பும் ஏணியும் மாதிரிக் கட்டத்தில் நகர்த்தும் விளையாட்டுகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008 இல் ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே வரிசையில் கட்டம் போட்ட ஓர் எளிய பலகையை, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் கால் மணிநேரமாக நாலு தடவை விளையாடியதிலேயே பிள்ளைகளின் எண்ணறிவு நன்றாக உயர்ந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறம் பூசிய பலகையில் விளையாடியவர்களுக்கு அப்படி உயரவில்லை. வீட்டில் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். காய் மூன்றில் நிற்கிறது, விழுந்தது இரண்டு என்றால், பிள்ளை "ஒண்டு, ரெண்டு" என்று நகர்த்தக் கூடாது. கட்டத்தில் இருக்கிற எண்ணைச் சொல்லி "நாலு, அஞ்சு" என்று நகர்த்த வேண்டும். பலன் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு கொடுப்பினையும் உண்டு. பதின்மூன்று என்ற சொல்லுக்குள் பத்தும் மூன்றும் அப்படியே தெரிகின்றன. இருபது என்றால் இரு பத்து. சீன மொழியும் இப்படித்தான். பத்தைத் தாண்டி எண்ணுவதில் சீனப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளை விடக் குறைவாகத் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம் என்று 1995 இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நமக்கு இடறுவது ஒன்பதின் வீட்டார்தான். நூறுக்குள் இருக்கிற தொண்ணூறில் நூறு ஒலிக்கும், ஆயிரத்துக்குள் இருக்கிற தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கும். பிள்ளை இருபத்தொன்பதுக்குப் பிறகு "இருபத்திப்பத்து" என்று சொன்னால் சிரித்து அடக்க வேண்டாம். விதியைத் தானே கண்டுபிடித்துவிட்ட பிள்ளை அது.

எழுத்துக்கும் இதே கதைதான். 'ஆனா ஆவன்னா' என்று பாடுவது வேறு, எழுத்தைப் படிப்பது வேறு. படிக்கவென்று மூளையில் பிறவியிலேயே ஒரு பகுதி கிடையாது. முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும், மூளையின் இடப்பக்கத்தில் பின்புறமாக இருக்கிற ஒரு சிறு பகுதி, படிக்கப் பழகும்போது எழுத்துக்கென்று ஒதுங்கிக்கொள்கிறது. ஸ்தனிஸ்லாஸ் டெஹேனும் லோரன்ட் கோஹெனும் இந்தப் பகுதியை விரிவாக ஆராய்ந்தவர்கள். பசுமாடு இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் பசுமாடுதான் என்று பழகிய பகுதி அது. அதனால்தான் சிறு பிள்ளைகள் 3 ஐத் திருப்பி எழுதுகிறார்கள். அந்த வயதில் அது குறைபாடு அல்ல.

ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதுவிப்போம் இல்லையா? அந்தத் தட்டை அன்றோடு எடுத்து வைத்துவிட வேண்டாம். அடுத்த நாளிலிருந்து விரலைப் பிடிக்காமல் பிள்ளையைத் தானாக எழுத விடுங்கள். கரின் ஜேம்ஸ் என்பவர் 2012 இல் ஐந்து வயதுப் பிள்ளைகளை மூன்று விதமாக எழுத்துப் பழக்கி, பிறகு மூளையை ஸ்கான் செய்து பார்த்தார். தானாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்தைக் கண்டபோதுதான் படிப்புக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன. விசைப்பலகையில் தட்டியோ, புள்ளிக்கோட்டின் மேல் இழுத்தோ பழகிய எழுத்துக்கு அப்படி இல்லை. தானாக எழுதும்போது ஒரு 'அ' கோணும், இன்னொன்று கொழுக்கும். இத்தனை விதமாக வந்தாலும் எல்லாம் 'அ' தான் என்று மூளை தெரிந்துகொள்கிறது.

இனி அந்த 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. உயிர்மெய்யை 216 தனித்தனிப் படமாக மனனம் செய்தால் பிள்ளை களைத்துவிடும். கன்னடத்தில் சோனாலி நாக் 2007 இல் செய்த ஆய்வில், இந்த வகை எழுத்துகள் பிள்ளைகளுக்கு முழுதாகப் பிடிபட ஆங்கில அகரவரிசையை விட நீண்ட காலம் எடுப்பதும், அசைக்குள் இருக்கிற சிறு ஒலிகளைப் பிரிக்கும் திறன் மெதுவாகவே வருவதும் தெரிந்தன. மரம் என்பதை ம-ரம் என்று பிள்ளை சுலபமாகப் பிரிக்கும். 'ம' வுக்குள் 'ம்' உம் 'அ' வும் இருப்பது காதில் விழாது. அதற்கு விளையாட்டுத்தான் மருந்து: "மாடு, மீன், மூக்கு, எல்லாத்திலயும் முதல்ல வாய் என்ன செய்யுது?" உதடு மூடித் திறப்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

ஒலி பிரிந்துவிட்டால் 'கா' வில் வரும் அரவு, 'கெ' வில் வரும் கொம்பு எல்லாம் ஒரு முறை படித்தால் 18 மெய்க்கும் பொருந்தும். இரண்டு இடத்தில் மட்டும் நின்று போங்கள். ஒன்று, கு, சு, டு, து, மு வரிசையும் அதன் நெடிலும். எல்லா மெய்யும் ஒரே விதமாக வளையாது. மற்றது கொம்பு. 'கொக்கு' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது 'க்'. கண்ணின் வரிசை ஒன்று, நாக்கின் வரிசை இன்னொன்று. பிள்ளை இங்கே தயங்குவது நியாயம்தானே?

எழுத்துக் கூட்டத் தெரிந்தால் மட்டும் படிப்பு வந்துவிடாது. பிலிப் கஃபும் வில்லியம் டன்மரும் 1986 இல் இதை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டும் திறன், கேட்ட மொழியை விளங்கும் திறன், இரண்டையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது திறனில் ஓர் இடைவெளி இருக்கிறது. வீட்டில் கேட்பது "அவை வருகினம்", புத்தகத்தில் இருப்பது "அவர்கள் வருகிறார்கள்". வீட்டில் "நான் போறன்", புத்தகத்தில் "நான் போகிறேன்". அரபு மொழியிலும் பேச்சு வேறு, எழுத்து வேறு. டினா ஃபைட்டல்சனும் மற்றவர்களும் 1993 இல் வெளியிட்ட ஆய்வில், பாலர் வகுப்பில் எழுத்து அரபியில் மாதக்கணக்காகக் கதை கேட்ட பிள்ளைகள் கேட்டதை விளங்குவதிலும், படம் பார்த்துக் கதை சொல்வதிலும் மற்றவர்களை முந்தினார்கள். ஆகவே ஒரு கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள், சரி. அதோடு புத்தகத்தில் உள்ளபடியே வாசித்தும் காட்டுங்கள். கண் சந்திக்கப் போகிற சொல்லைக் காது முன்கூட்டியே சந்தித்துவிடும்.

இப்போது தங்கை வீட்டில் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் இப்படிப் போகிறது. போன கிழமை நரிக்கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். "நரி காட்டுக்குள் சென்றது." மடியில் இருந்தவன் என் வாயைக் கையால் பொத்தினான்.

"பெரியம்மா, நரி போயிட்டுது எண்டதைத்தானே புத்தகம் இப்பிடிச் சொல்லுது?"