ஸ்டிக்மா: களங்கமா, முத்திரையா?

மருத்துவமும் செவிலியமும் படிக்கும் மாணவர்களுக்கு மனநலம் பற்றி எவ்வளவு தெரியும், மனநோயாளிகளை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் ஆய்வு எதை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே ஒரு சொல் வந்து நிற்கும்: ஸ்டிக்மா. தமிழில் அதைக் ‘களங்கம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அகராதியில் அப்படி இருக்கிறது, கேள்வித்தாளிலும் அப்படியே ஏறிவிடுகிறது. அந்தச் சொல் பொருந்தவில்லை என்பது என் துணிபு. பழியை அது யார் தலையில் கொண்டுபோய் வைக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

கிரேக்க மொழியில் ‘ஸ்டிட்ஸைன்’ என்பது வினைச்சொல். குத்துதல் என்று பொருள். கூர்முனையால் குத்தி உண்டாக்கிய புள்ளி அல்லது குறி ‘ஸ்டிக்மா’. தப்பி ஓடிப் பிடிபட்ட அடிமையின் நெற்றியில் ஊசியும் மையும் கொண்டு எழுத்தைக் குத்திவைப்பார்கள். பார்க்கிறவர்கள் விலகிப்போக அந்த எழுத்தே போதும். சூட்டுக்கோலால் இட்ட தழும்பு என்றுதான் பலர் விளக்கம் எழுதுகிறார்கள். கிரேக்கர் வழக்கில் அது பெரும்பாலும் பச்சை குத்துவதையே குறித்தது.

புள்ளி என்ற அடிப்படைப் பொருள் வேறு துறைகளிலும் தங்கியிருக்கிறது. பூவில் மகரந்தம் வந்து ஒட்டும் நுனிக்குத் தாவரவியலில் அதே பெயர்; நம் பாடநூல்களில் அது சூலகமுடி. ஒளி ஒரே புள்ளியில் குவியாத கண் குறைபாட்டை அஸ்டிக்மாடிஸம் என்கிறோமே, அதற்குள்ளும் இந்தப் புள்ளிதான் இருக்கிறது. கத்தோலிக்க மரபிலோ பொருள் தலைகீழ். 1224இல் புனித பிரான்சிஸ் அசிசியின் உடலில், இயேசுவின் சிலுவைக் காயங்களைப் போலத் தோன்றியதாகச் சொல்லப்படும் ஐந்து காயங்களுக்கும் இதன் பன்மை வடிவமே பெயர். அங்கே அது புனிதக் குறி.

சமூகவியலுக்குள் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர் எர்விங் காஃப்மன், 1963இல். ஒருவரிடம் இருக்கும் ஏதோ ஒன்றைக் காரணம் காட்டிச் சமூகம் அவரை முழு மனிதராக ஏற்க மறுப்பதற்கு அவர் இட்ட பெயர் அது. 2001இல் லிங்க், ஃபெலன் என்ற சமூகவியலாளர்கள் இருவரும் அதை ஒரு செயல்முறையாக விரித்தார்கள்: பெயர் வைப்பது, அந்தப் பெயரோடு கெட்ட குணங்களைச் சேர்ப்பது, ‘அவர்கள் வேறு, நாம் வேறு’ என்று பிரிப்பது, மதிப்பைக் குறைத்து ஒதுக்குவது. இவையெல்லாம் நடக்க, செய்கிறவர் கையில் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். மருத்துவ மாணவர்களை அளக்க வேண்டியதன் காரணமே இந்த அதிகாரம்தான். தெருவில் ஒருவர் ‘பைத்தியம்’ என்று சொன்னால் அது வசை. அதே எண்ணத்தோடு டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதினால், அடுத்த முறை அந்த நோயாளி நெஞ்சுவலி என்று வரும்போதுகூட ‘மனப்பிரச்சினையாக இருக்கும்’ என்று சொல்லி ஈசிஜி எடுக்காமலே அனுப்பிவிடக்கூடும்.

இனி நம் சொற்களுக்கு வருவோம்.

களங்கம் வடமொழிச் சொல். நிலவில் தெரியும் கறையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த சொல். அந்தக் கறையை நிலவில் யாரும் போய்ப் பூசவில்லை. அது நிலவிலேயே இருக்கிறது. ‘குடும்பத்துக்குக் களங்கம்’, ‘களங்கமில்லாத மனசு’ என்று நாம் பேசுவதைக் கவனியுங்கள். கறை உள்ளவர் ஒருவர் இருக்கிறார், கறை அவருடையது. ‘மனநோயாளிகளின் களங்கத்தைப் போக்குவோம்’ என்று ஒரு பதாகை எழுதினால், கழுவ வேண்டியவர் நோயாளி என்றே படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். நல்லது செய்ய நினைத்து எழுதிய வரி நோயாளியையே குற்றவாளி ஆக்கிவிடுகிறது.

‘இழுக்கு’ என்பாரும் உண்டு. அது வழுக்குதல், தவறுதல் என்ற பொருளில் பிறந்தது. ‘ஒழுக்கத்தின் எய்துவர் மேன்மை’ என்னும் குறளில் அடுத்து வரும் ‘இழுக்கம்’ ஒழுக்கத்திலிருந்து வழுவுவது. நோய் வந்தவர் எதிலிருந்தும் வழுவவில்லையே! ‘தீட்டு’ என்பதை நான் தொடவே மாட்டேன். ஒரு கொடுமையைச் சொல்ல இன்னொரு கொடுமையின் சொல் வேண்டாம்.

அப்படியானால் எது பொருந்தும்? வீட்டிலும் தெருவிலும் புழங்கும் பேச்சில் விடை கிடக்கிறது. ‘பைத்தியம்னு முத்திரை குத்திட்டாங்க’ என்கிறோம். குத்துகிறோம்! பச்சையையும் குத்துகிறோம், முத்திரையையும் குத்துகிறோம். கிரேக்க வினை எதைச் செய்ததோ அதைத்தான் இந்தத் தமிழ் வினையும் செய்கிறது. குத்துகிறவர் ஒருவர், குத்துப்படுகிறவர் ஒருவர் என்ற இருவரும் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார்கள். வெறும் முத்திரை நல்லதாகவும் இருக்கலாம் என்பதால் பெயர்ச்சொல்லாக எழுதும்போது ‘பழிமுத்திரை’ என்று எழுதலாம். பழியும் நாம் பிறர்மேல் சுமத்துவதுதானே.

முத்திரை குத்தப்பட்டவர் நாளடைவில் ‘நான் அப்படித்தான் போல’ என்று தானே நம்பத் தொடங்குவார். இதைத் தனியாகச் சொல்ல ஒரு சொல் தேவை. அதற்கு ‘வடு’ போதும். ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு’ என்ற குறளுக்கு மேல் நான் என்ன விளக்கம் எழுதிவிட முடியும்? சுட்டது பிறர் நாக்கு, தங்கியது இவர் நெஞ்சில். ‘உள்வடு’ என்று எழுதினால் ஆய்வுக்கட்டுரையிலும் குழப்பம் வராது.

கேள்வித்தாளில் இதனால் என்ன மாறும் என்று கேட்கலாம். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உருவாகி 2010இல் வெளிவந்த மைக்கா என்ற அளவுகோல், மனநோயை மருத்துவ மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளக்கவே எழுதப்பட்டது. 16 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ தொடங்கி ஆறு படிகள், நடுவில் ஒதுங்கி நிற்க இடம் கிடையாது. மொத்தம் 16 முதல் 96 வரை. மதிப்பெண் ஏற ஏற மனப்பான்மை மோசம். பணியில் சந்தித்த மனநோயாளிகளைப் பற்றிப் பேசும்போது கேலிச் சொற்களைப் பயன்படுத்துவீர்களா என்று ஒரு கூற்று கேட்கிறது. அதை ‘மனநலம் குன்றியோர் போன்ற சொற்கள்’ என்று பூசி மெழுகிப் பெயர்த்தால், மாணவி ஒருத்தி உறுத்தல் இல்லாமல் ‘உடன்படுகிறேன்’ என்று வட்டமிடுவாள், அல்லது கேள்வியே புரியாமல் நகர்வாள். ‘லூசு, மெண்டல், கிறுக்கு’ என்று அச்சிட்டிருந்தால்தான் நேற்று வார்டில் தன் வாயிலிருந்து வந்த சொல் அவளுக்கு நினைவுக்கு வரும். பேனா ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்தைத்தான் அளவுகோல் பிடிக்க முயல்கிறது.

அறிவை அளக்கும் மேக்ஸ் என்ற கேள்வித்தொகுப்பில் சிக்கல் இன்னும் கூர்மையானது. அதுவும் 2010இல் வந்தது, 12 கூற்றுகள். கடைசி ஆறில் டிப்ரஷன், ஸ்ட்ரெஸ், ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்), போதை அடிமைத்தனம், இழப்பின் துயரம் என்று ஆறு நிலைகளைச் சொல்லி ‘இது மனநோயா?’ என்று கேட்கிறது. ஸ்ட்ரெஸ்ஸும் துயரமும் நோய் அல்ல என்பதே அங்கே சரியான விடை. தமிழில் டிப்ரஷனையும் ‘மன அழுத்தம்’ என்கிறோம், ஸ்ட்ரெஸ்ஸையும் ‘மன அழுத்தம்’ என்கிறோம். இரண்டு கேள்விக்கும் ஒரே சொல் விழுந்தால், சரியாகத் தெரிந்த மாணவரும் ஒன்றில் தோற்றே ஆக வேண்டும். பிறகு ‘மாணவர்களிடம் அறிவு குறைவு’ என்று முடிவு எழுதுவோம். டிப்ரஷனுக்கு ‘மனச்சோர்வு நோய்’, ஸ்ட்ரெஸ்ஸுக்கு ‘மன உளைச்சல்’ என்று பிரித்துவிட்டால் இந்த அநியாயம் நடக்காது.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மீண்டும் மூலமொழிக்கே பெயர்த்துப் பார்ப்பது வழக்கம். ‘களங்கம்’ அந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். திருப்பிப் பெயர்ப்பவர் கையிலும் அதே அகராதிதான். ஆகவே அதோடு நிற்காமல், நான்கைந்து மாணவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு கூற்றையும் உரக்கப் படிக்கச் சொல்லி, ‘இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று விசாரிக்க வேண்டும். எந்தச் சொல்லில் யார்மேல் பழி விழுகிறது என்பது அந்தப் பேச்சில்தான் வெளிவரும்.

நோயின் பெயரே முத்திரையாக இருந்தால்? ஜப்பானில் ஸ்கிசோஃப்ரினியாவுக்கு ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்படும் பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் முறையிட்டதன்பேரில் மனநல மருத்துவர்கள் 2002இல் அதைக் கைவிட்டு, ‘ஒருங்கிணைப்புக் கோளாறு’ என்று பொருள் தரும் புதுப் பெயருக்கு மாறினார்கள். தமிழில் நாம் இன்னும் ‘மனச்சிதைவு’ என்றே எழுதுகிறோம். மேக்ஸ் கேள்வித்தொகுப்பைத் தமிழாக்குகிறவர் அந்த ஒன்பதாம் கூற்றில் எந்தப் பெயரை வைப்பது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.